கை வைத்துக் காட்டிய பிறகே ஆள் உள்ளே

போன வாரம் பிளான்டிலிருந்து இளங்கோ போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த எலக்ட்ரீஷியன். தீபாவளி, பொங்கல் என்றால் தவறாமல் கூப்பிடுவான். இது எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

"அண்ணே, கை வைக்கிறத நிறுத்திட்டாங்க. மெஷினு ஒண்ணு வாங்கிக் குடுத்துருக்காங்க. தூரத்துல நின்னு நீட்டினாப் போதும், கரண்ட் இருந்தா சத்தம் போடுது. இனிமே யாராவது கை வச்சா மெமோவாம்."

"நல்ல காரியம் பண்ணாங்க" என்றேன்.

"அது செரிண்ணே. நீங்க இன்னாத்துக்கு அத்தினி வருசம் கை வச்சிக்கினு இருந்தீங்க? பயமே கெடையாதா உங்களுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமே கிடையாதா என்று என்னைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவன்தான். என்னை அறிந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். இன்றைக்கும் வீட்டு இரும்புக் கேட்டை நான் நேராகப் பிடித்துத் திறப்பதில்லை. முதலில் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பிடிப்பேன். "கேட்டுக்கும் சேத்தா கரண்டு பில்லு கட்டறோம்" என்று என் மனைவி கேலி செய்வாள். உள்ளங்கையில் மின்சாரம் பட்டால் விரல்கள் மூடிக்கொண்டு கம்பியை விடாது. புறங்கையில் பட்டால் கை தானாக விலகி வந்துவிடும். அதனால் எலக்ட்ரீஷியன்களுக்குப் புறங்கை தான் முதல் கை. எனக்கு அது கேட்டு, பீரோ, எவர்சில்வர் குடம் என்று எல்லாவற்றுக்கும் பழகிப்போய்விட்டது.

இளங்கோவுக்குப் போனில் சுருக்கமாக ஏதோ சொல்லி வைத்தேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. அவன் கேட்டதற்கு உள்ள பதில் நீளமானது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் களமருதூர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய்ப் பம்புசெட் மோட்டார் கட்டினேன். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நேராக நிற்கிற இடத்தில் ஒரு தனியார் கம்பெனி நிலக்கரி மின்நிலையம் போட்டது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன், எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். பின்னால் இரண்டு மூன்று கை மாறிவிட்டது.

சின்ன பிளான்ட் தான். ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு சிம்னி. துறைமுகத்திலிருந்து லாரியில் நிலக்கரி வரும். அதை அரைத்து எரித்தால் நீராவி, நீராவியில் டர்பைன் சுற்றினால் மின்சாரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவர்களுக்குச் சொல்லித்தராத பாதி, சாம்பல். எரிகிற கரியில் கணிசமான பங்கு மாவைவிட மெல்லிய சாம்பலாகிப் புகையோடு பறக்கும். அப்படியே சிம்னி வழியாக விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் வெள்ளை வேட்டி கட்ட முடியாது.

அதைப் பிடிப்பதற்குத்தான் ஈ.எஸ்.பி. என்கிற இரும்புப் பெட்டி. பெட்டி என்றால் இரண்டு மாடி வீடு உயரம். பாய்லருக்கும் சிம்னிக்கும் நடுவில் நிற்கும். உள்ளே வரிசை வரிசையாகத் தகடுகள் தொங்கும். இரண்டு தகடு வரிசைக்கு நடுவே மெல்லிய கம்பிகள் ஒரு சட்டத்தில் தொங்கும். அந்தக் கம்பிகளில் ஐம்பதாயிரம் வோல்ட் ஏற்றுவோம். புகை அதற்குள் நுழைந்தால் சாம்பல் போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். சுத்தியல்கள் அவ்வப்போது தகட்டைத் தட்டும். ஒட்டிய சாம்பல் கீழே புனல் மாதிரி இருக்கிற ஹாப்பரில் விழும். எங்கள் பெட்டியில் இரண்டு பாதி. ஒன்று ஏ சேம்பர், இன்னொன்று பி சேம்பர். ஒவ்வொரு சேம்பருக்குள்ளும் தனித்தனி ஸ்விட்சோடு சில பகுதிகள், அவற்றை ஃபீல்டு என்போம். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை ஓட்டலாம், லோடை, அதாவது மின் உற்பத்தியை, குறைத்துக்கொண்டால்.

கன்ட்ரோல் ரூமில் எல்லாருடைய கண்ணும் இரண்டு எண்களின் மேல் இருக்கும். ஒன்று எத்தனை மெகாவாட் போகிறது என்பது. மற்றது சிம்னியில் எவ்வளவு தூசி போகிறது என்பது. முதல் எண் இறங்கினால் மேலிடத்திலிருந்து போன் வரும். இரண்டாவது ஏறினால் ஊர் ஜனங்கள் கேட்டுக்கு வருவார்கள். கரி மட்டமாக இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு ஹாப்பர் அடைத்துக்கொண்டது. கிளீனர் ஒருத்தர் அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து கம்பியால் குத்தினார். நான் பக்கத்தில் ஹீட்டர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்த்தேன். சாம்பல் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்றால் தண்ணீர்தான், படியெல்லாம் வழிந்து இறங்கியது. மேலே பார்க்கச் சாம்பல், உள்ளே தணல். அவருடைய ரப்பர்ச் செருப்பு நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது. ஆறிய பிறகு வாரிப் பார்த்தபோது வார் மட்டும் சுருண்டு கிடந்தது. அவருக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று மறுநாள் காலையில் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கிளம்பி நேராக வேலைக்கே போனேன். வேறு எங்கே போவது?

நடேசன் சார் அதற்குப் பிறகு வந்தார். எங்களுக்கு எலக்ட்ரிகல் இன்சார்ஜ். கடலூர்ப் பக்கத்துக்காரர். அதுவரை பெரிய பிளான்ட் ஒன்றில் இருந்தவர், எதற்காக இந்தச் சின்ன இடத்துக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒல்லியான ஆள். கூட்டுகிற அம்மாவைக் கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அது இன்னும் மோசம், ஏனென்றால் திட்டுகிறார் என்று புரியவே நேரமாகும். எங்கேயும் வேகமாக நடந்து பார்த்ததில்லை. "சீக்கிரம்" என்கிற வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

ஈ.எஸ்.பி. உள்ளே ஆள் போக வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, நிறுத்திவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆட்கள் உள்ளே போவார்கள். எல்லா இடத்திலும் அவ்வளவுதான். நடேசன் சார் வந்த பிறகு எங்கள் பிளான்டில் மட்டும் அதோடு ஒன்று சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவன் தானே முதலில் கதவுக்குள் கை நீட்டி, அந்தக் கம்பிச் சட்டத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளே போகிற ஆட்கள் நின்று பார்க்க வேண்டும். கிளவுஸ் கூடாது.

முதல் தடவை அவரே செய்து காட்டினார். நான் அருகில் நின்றேன். மேல்தளத்தில் ஸ்விட்சை நிறுத்தி, எர்த் பக்கம் திருப்பி, பூட்டுச் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். கீழே வந்து ஆள் நுழைகிற இரும்புக் கதவைத் திறந்தார். நீளமான பிளாஸ்டிக் கழியின் முனையில் பித்தளைக் கொக்கி இருக்கும். கொக்கியிலிருந்து ஒரு தடித்த ஒயர் வரும். ஒயரின் வாலில் ஒரு கிளாம்ப். கிளாம்பை முதலில், மண்ணுக்குள் இறங்குகிற எர்த் பட்டையில் கடிக்க விட்டார். பிறகு கொக்கியை உள்ளே நீட்டிச் சட்டத்தில் மாட்டினார். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். மிச்சம் மீதி மின்சாரம் மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் அது. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். மோதிரத்தைக் கழற்றினார். புறங்கையால் ஒரு தரம் தட்டினார். அதன் பிறகு உள்ளங்கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"போங்க" என்றார்.

ஏன் சார் இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். மோர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"பழைய எடத்துல நான் ஆஃப்னு எழுதிக் குடுத்தேங்க. பூட்டினது வேற ஃபீல்டு. உள்ள போனவரு வெளிய வரலீங்க" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "அவருக்குத் தெரியாதுங்களே, காயிதத்த நம்பித்தான போனாரு" என்றார்.

நான் அப்புறம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ தடவை கை வைத்திருக்கிறேன். ஒரு தடவையாவது பயமில்லாமல் வைத்தேன் என்றால் அது பொய்.   வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உள்ளே போக வேண்டியவர்கள் அல்லவா.

இனி ஒரு சித்திரை மாதத்துக்கு வருகிறேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரெல்லாம் ஃபேன் ஓடுகிறது, கரண்ட் போதவில்லை. முழு லோடு கொடு, முழு லோடு கொடு என்று மேலிடத்துப் போன் ஓயவில்லை. வந்த கரியோ மட்டம், பாதி கல்லும் மண்ணும். அந்த நேரம் பார்த்து ஏ சேம்பரில் ஒரு ஃபீல்டு செத்துப்போனது. எத்தனை தடவை ஆன் பண்ணினாலும் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. உள்ளே ஏதோ ஒரு கம்பி அறுந்து தகட்டின் மேல் சாய்ந்துகொண்டது என்று அர்த்தம். அறுந்த கம்பியை வெட்டி எடுக்கும்வரை அந்த ஃபீல்டு சாம்பலைப் பிடிக்காது.

சிம்னியிலிருந்து சாம்பல் நிறத்தில் தடியாகப் புகை கிளம்பியது. மலைப்பக்கமிருந்து மேல்காற்று. பிளான்டுக்குக் கிழக்கே ஒரு சேகோ ஃபேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை, இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவாக்கி, சிமெண்டுக் களத்தில் ஏக்கர் கணக்கில் பரப்பிக் காயப்போடுவார்கள். வெயிலில் பார்த்தால் கண் கூசும் அளவுக்கு வெள்ளை. நாங்கள் அனுப்பிய புகை அதன் மேல்தான் போய் இறங்கியது.

இரண்டாம் நாள் காலையில் கோவிந்தன் என்னைத் தேடி வந்தார். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மேஸ்திரி. வடக்கனந்தல்காரர். ஈ.எஸ்.பி. உள்ளே போகிற கூட்டம் அவருடையதுதான். துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்து என் மேசையில் பிரித்தார். மாவு. தொட்டுப் பார்த்தேன், நறநறவென்றது. நிறம் பழைய சிமெண்டு மாதிரி இருந்தது.

"என் வூட்டுக்காரி அந்தக் களத்துலதான் சார் வேல செய்யுது. இத எவன் வாங்குவான்? பொக நிக்கிற வரைக்கும் யாரும் வர வாணாம்னு மொதலாளி சொல்லிட்டானாம். மொத்தம் நாப்பது பொம்பளைங்க. எல்லாம் எங்க தெரு, பக்கத்துத் தெரு. நான் இங்க வேல செய்றவன்னு என்னைத்தான் புடிச்சிக்கினு கேக்குறாங்க."

"நாளைக்கு உள்ள போகலாம், கோவிந்தா. சேம்பர் ஆறட்டும்" என்றேன்.

லோடைக் குறைத்து ஏ சேம்பரை மூட நடேசன் சார் அனுமதி வாங்கிவிட்டார். அதை வாங்க அவர் எத்தனை போன் பேசினாரோ. மறுநாள் மாலைக்குள் பழையபடி முழு லோடு வர வேண்டும் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேம்பரை மூடி, தகடுகளைத் தட்டிச் சாம்பலை இறக்கி, ஹாப்பரைக் காலி செய்து, கதவுகளைத் திறந்து காற்றாட விட்டோம். பி சேம்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் கோவிந்தன் தன் ஆட்கள் மூன்று பேரோடு கதவருகில் தயாராக நின்றார். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள், கையில் கம்பி வெட்டுகிற கட்டரும் சின்ன விளக்கும். நடேசன் சாரும் வந்திருந்தார். பெர்மிட் என் கையெழுத்தில். மேலே ஸ்விட்சை நிறுத்தி, எர்த் பக்கம் திருப்பி, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கிளாம்பை எர்த் பட்டையில் மாட்டினேன். கொக்கியை உள்ளே நீட்டிச் சட்டத்தில் போட்டேன்.

'டிக்' வரவில்லை.

அதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம். ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்திருந்த சேம்பர், மிச்ச மின்சாரம் தானாகவே வடிந்திருக்கலாம். என் மூளை அப்படித்தான் சொன்னது. ஆனால் என் கை உள்ளே போகவில்லை. சட்டைக் கையை மடித்தேன். கடிகாரத்தைக் கழற்றினேன். மறுபடி சட்டைக் கையை மடித்தேன். பக்கத்தில் பி சேம்பரின் சுத்தியல் 'டங்' என்று அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா சார், நீ கை வச்சா நாங்க பூந்துருவோம்ல. வெயில் ஏறிக்கினு கீது" என்றார் கோவிந்தன்.

நடேசன் சார் என் முகத்தைப் பார்த்தார். "சத்தம் கேட்டுச்சுங்களா?" என்றார்.

"கேக்கலீங்க சார்."

"பயமா இருக்குதுங்களா?"

நாலு பேர் எதிரில் என்ன சொல்வது? "ஆமாங்க சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தன் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்தார். மோதிரத்தைக் கழற்றினார். "சரிங்க. தள்ளிக்கோங்க, நான் வைக்கிறேன்" என்றார்.

அந்த நொடியில் எனக்கு வந்த பயம் வேறு மாதிரியானது. அதுவரை என் உயிருக்குத்தான் பயந்தேன். இப்போது அந்த ஒல்லிக் கை கதவுக்குள் போவதைப் பார்க்கவும் பயமாக இருந்தது. குறுக்கே நின்றுகொண்டேன். "சார், ஒரு நிமிசம். கிளாம்பை வேற எடத்துல ஒரு தரம் போட்டுப் பாத்துடறேங்க" என்றேன். ஏதோ தெரிந்து சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். நேரத்தைக் கடத்த வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்தால் இந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் வெளியில் இருக்கும் என்று தவித்ததில் வாயில் வந்தது அது.

"போடுங்க" என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

கிளவுஸை மாட்டிக்கொண்டு, கிளாம்பைப் பட்டையிலிருந்து கழற்றி, கதவின் கீல் பக்கம் கொண்டுபோனேன். திறந்து மூடித் திறந்து மூடித் தேய்ந்து வெறும் இரும்பாக மின்னுகிற இடம் அது. பெட்டியின் இரும்பும் மண்ணோடு சேர்ந்ததுதான். கிளாம்ப் அதன் மேல் படுவதற்கு முன்பே நீலமாக ஒரு வெளிச்சம் பாய்ந்தது. பட்டாசு வெடித்தது போல ஒரு அறை. பெட்டிக்குள் அது எதிரொலித்து, தகடுகளிலிருந்து பொலபொலவென்று சாம்பல் கொட்டியது. நான் பிளாட்பாரத்தின் கம்பித் தடுப்பின் மேல் போய் விழுந்தேன். கோவிந்தனின் ஆட்களில் ஒருவர் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டார்.

 கருகின வாடை அடித்தது.

நடேசன் சார் குனிந்து எர்த் பட்டையைப் பார்த்தார். பளபளவென்று பச்சைப் பெயிண்ட். நகத்தால் சுரண்டினார். ஒரு படலம் உரிந்து வந்தது, அதன் கீழே இன்னொரு படலம். அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு சென்னையிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று பிளான்ட் முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். மதில் வெள்ளை, குழாய் நீலம், எர்த் பட்டை பச்சை. தியாகதுருகத்திலிருந்து வந்த பெயிண்டர்கள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கிளாம்ப் கடிப்பதற்காகப் பெயிண்ட் இல்லாமல் விட்டிருந்த இடத்தையும் மறக்காமல் இரண்டு கோட்டு அடித்துவிட்டார்கள். மேலே ஸ்விட்சிலிருந்து வருகிற பட்டையின் இணைப்பைக் கூடக் கழற்றி, இரண்டு பக்கமும் பூசி, காயவைத்து, மறுபடி முடுக்கியிருந்தார்கள். வந்த அதிகாரிகள் ரொம்ப சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அன்றைக்குத்தான் முதல் பெர்மிட்.

எர்த் என்று நாங்கள் நம்பியது எதுவுமே எர்த் இல்லை. அந்தச் சட்டத்தில் மின்சாரம் எப்படி அவ்வளவு தங்கியது, பக்கத்துச் சேம்பரிலிருந்து ஏறியதா, சாம்பலில் ஒளிந்திருந்ததா என்று பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் கண்ணில் நின்றது நடேசன் சார் கழற்றிய மோதிரம்தான்.

பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தோம். மேலே இணைப்பைப் பிரித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கீழே பட்டை செம்பு நிறமாகும்வரை தேய்த்தோம். போதாதென்று நடேசன் சார் இன்னும் இரண்டு ஒயரைக் கொண்டுவரச் சொல்லி, சட்டத்தைக் கதவு இரும்போடும் பெட்டியின் காலோடும் சேர்த்துக் கட்டினார். ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துத் தானே பார்த்தார். நடுவில் இரண்டு தடவை மேனேஜர் ஆள் அனுப்பினார். "பாத்துக்கினு இருக்கோம்னு சொல்லுங்க" என்று சார் திருப்பி அனுப்பிவிட்டார்.

எல்லாம் முடிந்தது. இருந்த மின்சாரமெல்லாம் அந்த ஒரே வெடிப்பில் இறங்கிவிட்டிருந்தது, இனிச் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே போகத்தான் ஆள் இல்லை. கோவிந்தனின் ஆட்கள் மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியுமா? சற்று முன்தான் கண்ணால் பார்த்தார்கள்.

"இதே மாரிதான சார் கொஞ்சம் முன்னாடியும் ஆஃப்னு சொன்னீங்க" என்றார் ஒருவர்.

நடேசன் சார் அவர்களை வற்புறுத்தவில்லை.  "இன்னைக்கு வாணாம்னா வாணாங்க. நான் மேல சொல்லிக்கறேன்" என்றார்.

கோவிந்தன் எழுந்தார். தூரத்தில் சேகோ களம் தெரிந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் ஆட்களிடம் ஏதோ பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"நாங்க உள்ள போறோம் சார். ஆனா ஒண்ணு. நீ தொட்டுக் காட்டிட்டுக் கைய எடுத்துக்கினு வெளிய நிக்கிற கதையெல்லாம் இன்னைக்கு வாணாம். நாங்க உள்ள இருக்கிற வரைக்கும் நீ அதப் புடிச்சிக்கினே இருக்கணும். கரண்ட் வந்தா மொதல்ல ஒனக்கு வரட்டும். நீ கத்துனா நாங்க வெளிய ஓடியாந்துருவோம்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் நடேசன் சாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவரோ நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"செரி" என்றேன். அந்தக் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

புறங்கையால் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். பிறகு பிடித்தேன். இரும்பு சூடாக இருந்தது, இரவெல்லாம் ஆறியும். நாலு பேரும் என் கைக்கு அடியில் குனிந்து ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியாகப் போன கோவிந்தன் நுழையும் முன் என் விரல்களை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தோள்வரை கை உள்ளே, உடம்பு வெளியே. முகம் இரும்புச் சுவரில் ஒட்டியிருந்தது. சாம்பல் கண் இமையில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. உள்ளே விளக்கு அலைவதும் இருமல் சத்தமும் மட்டும் தெரிந்தன. பி சேம்பரின் சுத்தியல் அடிக்கும்போதெல்லாம் கையை உருவிக்கொள்ள உடம்பு துடித்தது. ஒவ்வொரு தடவையும் செத்தேன் என்றே நினைத்தேன். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவள் முகத்தை நினைக்கக் கூடாது, நினைத்தால் கை விட்டுவிடும் என்று, களமருதூரிலிருந்து கள்ளக்குறிச்சிவரை பஸ் நிற்கிற இடங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்ட முடியவில்லை, திரும்பத் திரும்ப முதலிலிருந்து வந்தேன்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. நடேசன் சார் வந்து என்னோடு ஒட்டி நின்றுகொண்டு, தன் கையையும் உள்ளே நீட்டினார். என் கைக்குப் பக்கத்தில் அதே சட்டத்தைப் பிடித்தார். அவர் கை வியர்த்து ஈரமாக இருந்தது.  அதுவரை அந்த மனிதருக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க எதுக்குங்க?"

"பேசாம நில்லுங்க" என்றார். அவர் பேசினதில் அது ஒன்றுதான் அதட்டல், அதிலும் 'ங்க' இருந்தது.

உள்ளே கட்டர் 'கடக்' என்று கடித்தது. அறுந்த கம்பி தகட்டில் உரசிக்கொண்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு விளக்கு எங்களை நோக்கி வந்தது. ஒருவர், இன்னொருவர், மூன்றாமவர். தலைமுடி, புருவம், துணி எல்லாம் ஒரே நிறம். யார் யார் என்று தெரியவில்லை. கடைசியில் கோவிந்தன் அந்தக் கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து வெளியே வந்தார். நிமிர்ந்து முகத்துத் துணியை அவிழ்த்தார். நடேசன் சார் கையை எடுத்துக்கொண்டார்.

மாலையில் ஃபீல்டு ஏறியது, லோடு ஏறியது, புகை அடங்கியது. மறுநாள் களத்தில் வெள்ளையாக மாவு விரித்திருந்தார்கள் என்று கோவிந்தன் வந்து சொன்னார். இளங்கோவிடம் நான் போனில் சுருக்கிச் சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

எல்லாரும் வெளியே வந்த பிறகும் நான் அப்படியே நின்றிருக்கிறேன். வெளியே வந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிகிறது, நாலு பேரையும் எண்ணிவிட்டேன், ஆனால் விரல்கள் திறக்கவில்லை. மின்சாரம் பிடித்தால் எப்படிக் கை மூடிக்கொள்ளுமோ அப்படி மூடிக்கிடந்தது. சட்டத்தில் மின்சாரம் ஒரு சொட்டும் இல்லை. கோவிந்தன்தான் மறுபடியும் கதவுக்குள் கையை விட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"போதும் சார், வுடு" என்றார். "நாங்க எல்லாம் வந்துட்டோம்."